பெயர் ஓடி முடியும்வரை

1

"அக்கா, நீங்க திமிங்கலம்தானே?"

ரந்தாவ் பட்டணத்து மளிகைக்கடை ஒன்றில் உளுந்து வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெண் இப்படிக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. மலேசியாவுக்கு வந்த இந்தப் பன்னிரண்டு வருடத்தில் நான் ஒரு சுற்றுப் பெருத்திருப்பது உண்மைதான். அதற்காக முன்பின் தெரியாதவள் நடுக்கடையில் வைத்தா கேட்பாள்?

திரும்பிப் பார்த்தேன். தொழிற்சாலைச் சீருடை போட்ட, நாற்பது வயதிருக்கும் பெண். கையில் ஒரு கட்டு கங்கோங் கீரை.

"கோவிச்சுக்காதீங்கக்கா. கொரல வச்சுதான் கேட்டேன். அந்தக் கடல் படத்துல பேசுறது நீங்கதானே? திமிங்கலம் குட்டிய மேல தள்ளிட்டுப் போவுமே, அந்த எடத்துல நாங்க எல்லாரும் அழுதுட்டோம்லா."

"எல்லாரும்னா யாரும்மா?"

"எங்க தோட்டத்து ஆளுங்கதான். ஆறாங்கட்டைத் தோட்டம். ஞாயித்துக்கெழம சாயந்தரம் வாங்களேன், பசியாறிட்டு எங்களோட உக்காந்து பாருங்க."

அவள் பெயர் மல்லிகா. நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கட்டை என்றால் இங்கே மைல்கல். ரந்தாவிலிருந்து ஆறாவது மைல்கல்லில் இருக்கிற எண்ணெய்ப்பனைத் தோட்டம் என்பதால் அது ஆறாங்கட்டை.

கடைக்காரர் உளுந்தை நீட்டியபடி நின்றார். நான் வாங்கவில்லை. குரலை வைத்து என்னை அடையாளம் கண்டுகொண்ட முதல் மனுஷி அவள். கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் விலை கேட்டுத்தான் அழுகிறேன் என்று நினைத்திருப்பார்.

2

கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். பெயர் செண்பகவல்லி. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு செண்பகவல்லி உண்டு, அதில் குரல் பெரிசான செண்பகவல்லி நான். அந்தக் குரலை நம்பிச் சென்னைக்குப் போய் டப்பிங் பேசினேன். கதாநாயகியின் தோழி, கூட்டத்தில் கத்துகிற பெண், பேய் என்று வாய்க்கு வந்த வேஷமெல்லாம் பேசியாயிற்று. எதிலும் என் பெயர் வந்ததில்லை. வந்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஊர்த் தியேட்டரில் கடைசிச் சண்டை முடிவதற்குள் பாதிச் சனம் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்விடும். எங்கள் அப்பா அதில் முதல் ஆள். கூட்டத்துக்கு முன்னால் சைக்கிளை எடுத்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் எத்தனையோ படத்தின் முடிவே எனக்குத் தெரியாமல் போயிற்று.

பிறகு குணாவைக் கல்யாணம் செய்து இங்கே வந்தேன். குணா சிரம்பான் பிள்ளை. நீலாயில் ஒரு சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளர். வீடு மம்பாவில். மகள் ஷர்மினிக்குப் பதினோரு வயது.

வந்த புதிதில் குடிநுழைவு அலுவலகத்தில் வேலை செய்ய அனுமதி கேட்டுப் போய் நின்றேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என்ன வேலை என்று மலாயில் கேட்டார். எனக்கு அப்போது மலாயில் நாலு வார்த்தைதான் தெரியும். தொண்டையைத் தொட்டுக் காட்டி "சுவாரா" என்றேன். குரல் என்று அர்த்தம். அவர் எனக்குத் தொண்டையில் வியாதி என்று நினைத்துக்கொண்டு, மருத்துவச் சான்றிதழுக்குப் பக்கத்து வரிசையைக் காட்டிவிட்டார். அந்த வரிசையில் ஒரு காலைப் பொழுது முழுக்க நின்றேன். ஒருவழியாக முத்திரை விழுந்தபோது, என் குரலுக்கு இந்த நாட்டில் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று பெருமையாக இருந்தது.

வேலை கோலாலம்பூரில். ஒரு பெரிய ஊடகக் கம்பெனி. சிறுவர் அலைவரிசை, விலங்குகள் அலைவரிசை, விளையாட்டு, சினிமா, எல்லாவற்றையும் சேர்த்துக் கைப்பேசியில் பார்க்க ஒரு ஓடிடி செயலி. தலைமையகம் எங்கோ அமெரிக்காவில். ஆசிய பசிபிக் முழுவதற்கும் நிர்வாகம் சிங்கப்பூரில். குரல்கள் சேர்க்கிற இடங்களில் ஒன்று எங்களுடையது.

முதல் நாள் என்னைக் கட்டுப்பாட்டு அறைக்குக் கூட்டிப்போனார்கள். சுவர் முழுக்கத் திரைகள். எல்லாத் திரையிலும் ஒரே சுறா, ஒரே பக்கம் திரும்புகிறது. ஒரு திரைக்குத் தாய்மொழி ஜப்பானியம், ஒன்றுக்கு கொரியம், ஒன்றுக்கு மலாய், ஒன்றுக்கு வியட்நாமியம். "படம் ஒண்ணுதான். கொரல தனித்தனியா வச்சிருப்போம். பாக்குறவங்க எத அமுக்குறாங்களோ அது போவும்," என்றான் அங்கிருந்த பையன், இட்லிப் பாத்திரத்தை விளக்குகிற மாதிரி சாதாரணமாக. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் ஒரு சின்ன அறைக்குள் நின்று "இதோ, தாய்த் திமிங்கலம்" என்று சொன்னால் அது பிஜித் தீவில் ஒரு வீட்டிலும் நியூசிலாந்தில் ஒரு வீட்டிலும் கேட்கும். அந்தப் பிரமிப்பு இன்றுவரை எனக்குத் தீரவில்லை. இன்றைக்கும் அந்த அறையைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் போவேன். அலுவலகத்தில் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

3

மல்லிகாவைப் பார்த்த அதே வாரம்தான் அலுவலகத்தில் இடி விழுந்திருந்தது.

சிங்கப்பூரிலிருந்து கிரேஸ் திரையில் பேசினார். மொழிக் குரல்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. பிலிப்பைன்ஸ்காரர், என்னைப் போல வேற்றூரில் பிழைப்பவர். கெட்டதைக்கூடக் குரலை உயர்த்தாமல் சொல்வார். இயற்கைப் படங்களுக்குத் தமிழ்க் குரல் போடுவதை இந்தக் கடல் தொடரோடு நிறுத்த யோசிக்கிறோம் என்றார். செயலியில் தமிழை அமுக்குகிறவர்கள் குறைவு, இந்த எண்ணிக்கையை வைத்துக்கொண்டு என்னால் மேலிடத்தில் வாதாட முடியாது, மாத முடிவில் முடிவு சொல்லிவிடுவேன் என்றார்.

வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் இந்தக் குரலுக்கு இந்த நாட்டில் வேறு வேலை கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

பேச்சை இலகுவாக்க நினைத்தோ என்னவோ, கிரேஸ் ஒரு வேடிக்கையும் சொன்னார். படம் முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எங்கள் செயலி தானாகவே அடுத்த படத்துக்குத் தாவிவிடும். பெயர்களைப் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். யாரும் அமுக்குவதில்லை. அவர் பார்த்த கணக்கில் ஒரே ஒருவர் ஒவ்வொரு முறையும் தவறாமல் அமுக்கி, கடைசிப் பெயர்வரை பார்க்கிறார். இடம் நான் இருக்கிற நெகிரி செம்பிலான் மாநிலம், தமிழ்க் குரல், எட்டு வயதுக் குழந்தை.

"குழந்தை தூங்கியிருக்கும், பாட்டி பொத்தானை அமுக்கியிருப்பார்," என்று ஹாங்காங்கிலிருந்து ஒருவர் சொல்ல, எல்லாத் திரையிலும் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து குணாவிடம் அழுதேன். ஷர்மினி கொரிய நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். காதிலிருந்து இயர்போனில் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, "அம்மா, நானே இங்கிலீஷ்லதானே பாக்குறேன். யாரும்மா தமிழ்ல கேப்பா?" என்றாள். கேலி இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்டாள். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. நான் பேசிய ஒரு படத்தையும் அவள் என் குரலில் கேட்டதில்லை.

4

ஞாயிற்றுக்கிழமை ஆறாங்கட்டைக்குப் போனோம். ஷர்மினி வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். திரும்பும்போது ரோத்தி சானாய் பரோட்டா வாங்கித் தருவதாகப் பேசி முடித்துக் கூட்டிப்போனேன்.

எண்ணெய்ப்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதை. கோடியில் மாரியம்மன் கோயில், அதை ஒட்டித் தகரக் கூரை போட்ட மண்டபம். மண்டபத்துக்கு வெளியே இருபது முப்பது மோட்டார் சைக்கிள். தோட்டத்து வேலையை விட்டு ரந்தாவுக்கும் மம்பாவுக்கும் குடிபோனவர்கள்கூட ஞாயிறு சாயந்தரம் இங்கே வந்துவிடுகிறார்கள் என்றாள் மல்லிகா. உள்ளே நூறு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்து ஆட்கள் சிலரும் ஓரத்தில் இருந்தார்கள். கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலங்கள் கை மாறிக்கொண்டிருந்தன. சுவரில் வெள்ளைத் துணி, எதிரே ஒரு புரஜெக்டர்.

கோயில் தலைவர் முனியாண்டி அண்ணன் எழுந்து வந்தார். பனங்குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். ஆள் மலை மாதிரி, குரல் என்னைவிடப் பெரிது.

"வாங்க தங்கச்சி. மல்லிகா சொன்னிச்சு. ஒங்க கொரலுதான் எங்களுக்கு ஞாயித்துக்கெழம."

அவர் செயலியைத் திறந்தார். துணியில் சிவப்பு எழுத்தில் கணக்கின் பெயர் விழுந்தது. மாரியம்மன்.

"இது யாரு அண்ணே?"

"யாருன்னா? அம்மாதான்லா." கோயில் பக்கம் கையைக் காட்டினார். "பொது காசுல கட்டுறோம். என் பேர்ல போட்டா நாளைக்கு என்னாலா இதுன்னு ஒருத்தன் கேப்பான். அம்மா பேர்ல போட்டா யாரும் வாயத் தொறக்க முடியாது."

"பொறந்த தேதி கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. அம்மாவுக்கு ஏது பொறந்த தேதி? எட்டு வருசத்துக்கு முன்ன கடைசியா கும்பாபிஷேகம் பண்ண தேதியக் குடுத்தேன். ஆனா ஒண்ணு தங்கச்சி, அம்மாவுக்கு ஒரு சண்டைப் படம் காட்ட மாட்டேங்குது. மீனு, யானை, பொம்மைப் படம், அவ்ளோதான் வருது."

ஷர்மினி காதிலிருந்து இரண்டையும் கழற்றிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்க முடியாத சிரிப்பு. "அம்மா! மாரியம்மன எட்டு வயசுப் பிள்ளன்னு நெனைச்சுக்கிச்சும்மா! கிட்ஸ் கணக்கும்மா இது! ஒரு நிமிஷம் குடுங்க அங்கிள், மாத்திக் குடுத்துர்றேன்."

"வேணாம்லா," என்றார் முனியாண்டி அண்ணன். "அம்மா பாக்குறதையே நாங்களும் பாக்குறோம். சண்டைதான் வெளிய தெனமும் பாக்குறமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெகிரி செம்பிலானில் தமிழ்க் குரல் கேட்கிற அந்த எட்டு வயதுக் குழந்தை என் கண் முன்னால் நூறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கிரேஸின் கணக்கில் இத்தனை பேரும் சேர்ந்து ஒருவர்.

படம் ஓடியது. பவளப்பாறை பற்றிய பகுதி. என் குரல் தகரக் கூரைக்குக் கீழே நிறைந்தது. ஒரு பேச்சு இல்லை. ஒட்டுண்ணி மீன் வந்தபோது மட்டும் யாரோ ஒருவர் பேரைச் சொல்லிக் கேலி எழுந்து அடங்கியது.

படம் முடிந்தது. பழக்க தோஷத்தில் நான் எழுந்துவிட்டேன். மல்லிகா என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். முனியாண்டி அண்ணன் பொத்தானை அமுக்கினார். பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. மல்லிகா தன்னால் முடிந்த பெயர்களையெல்லாம் உரக்கப் படித்தாள். அவள் படிக்கப் படிக்க மண்டபம் மொத்தமும் சேர்ந்து குரல் கொடுத்தது.

"டேவிட்!"

"வந்தாச்சு!"

"ஹிரோஷி!"

"வந்தாச்சு!"

"மரியா... என்னமோ லோப்பஸ்!"

"வந்தாச்சு!"

நான் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். மல்லிகா மூச்சு வாங்கிய இடைவெளியில் முனியாண்டி அண்ணன் என் பக்கம் குனிந்தார்.

"பெரட்டு தெரியுமா தங்கச்சி? முன்ன விடியக்காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் நிப்போம். கணக்கு எழுதுற கிராணி பேரு கூப்புடுவாரு. வந்தாச்சுன்னு சொல்லணும். சொன்னாத்தான் அன்னிக்கு நீ வேலைக்கு வந்த ஆளு. கடைசிப் பேரு கூப்புடுற வரைக்கும் ஒருத்தரும் நகரக் கூடாது. இங்க இவ்ளோ பேரு வேல பாத்திருக்காங்க. பாவம், அவுங்க பேரக் கூப்புடுறப்ப சொல்றதுக்கு ஆளு வேணாமா?"

கடைசியில் தமிழ்க் குரலுக்கான அட்டை வந்தது. அதில் என் பெயர் சின்னதாக இருக்கும். அதை எழுதி அனுப்புகிறவளே நான்தான் என்றாலும், அது திரையில் ஓடி நான் பார்த்ததில்லை. மல்லிகா பெரிதாகப் படித்தாள்.

"செண்பகவல்லி!"

மண்டபம் வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். ஆள் நேரிலேயே இருக்கும்போது அடுத்தவர் சொல்லக்கூடாது என்பது வழக்கமாம்.

"வந்தாச்சு" என்று ஒருவழியாகச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஷர்மினிக்கே அது கேட்டிருக்குமா தெரியாது.

5

கிரேஸுக்கு இதை மின்னஞ்சலில் எப்படி எழுதுவது? மூன்று தடவை எழுதி அழித்தேன். எழுதினால் கதை விடுகிறேன் என்று தோன்றும். கடைசியில், கோலாலம்பூர் அலுவலகத்துக்கு வரும்போது ஒரு ஞாயிறு சாயந்தரம் எனக்குக் கொடுங்கள், அந்த எட்டு வயதுக் குழந்தையைக் காட்டுகிறேன் என்று மட்டும் எழுதினேன். வருவார் என்று நினைக்கவில்லை. வந்தார்.

குணாவின் காடியில் கூட்டிப்போனோம், இங்கே காருக்கு அதுதான் பெயர். கிரேஸ் மண்டபத்து வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். "இது எல்லாம் அந்த ஒரு கணக்கா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். கணக்கு அம்மன் பெயரில் இருப்பதைச் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு கோயில் பக்கம் திரும்பி, மன்னிப்புக் கேட்பது போலத் தலையைத் தாழ்த்தினார்.

அவர் படம் முழுக்கப் பார்த்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பெயர்கள் ஓடின. மல்லிகா படிக்க, மண்டபம் பதில் சொல்ல, கிரேஸ் என்னிடம் அது என்ன என்று கேட்டார். பெரட்டைப் பற்றி நான் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் மல்லிகா படித்தாள்.

"ஆசிய பசிபிக்... கிரேஸ்!"

"வந்தாச்சு!" என்றது மண்டபம்.

கிரேஸ் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "என் பெயர் இதில் இருக்கிறதா?" என்றார். இந்தக் கம்பெனியில் அத்தனை வருடம் இருந்தும் அவர் ஒரு முறையும் கடைசிவரை பார்த்ததில்லை. "அவர்கள் என்ன சொன்னார்கள்?"

"நீங்கள் வேலைக்கு வந்துவிட்டீர்கள் என்று," என்றேன்.

முனியாண்டி அண்ணனிடம் இவர்தான் அந்தக் கிரேஸ் என்று சொன்னபோது அவருக்கு வருத்தமாகிவிட்டது. "சொல்லக் கூடாதா தங்கச்சி? அவுங்களையே சொல்ல விட்டிருப்போமே."

திரும்பும் வழியில் கிரேஸ் ஒன்றும் வாக்குக் கொடுக்கவில்லை. திரைகளை எண்ணத்தான் எங்களுக்கு வழி இருக்கிறது, நாற்காலிகளை எண்ண வழியில்லை, கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், அவ்வளவுதான் என்னால் முடியும் என்றார். மாத முடிவு வந்தது, போனது. நான் ஒவ்வொரு நாளும் மின்னஞ்சலைத் திறக்கவே பயந்தேன். குணா எனக்காகத் திறந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவார். கடைசியில் ஒரு நாள் அவர் தலையாட்டவில்லை. இன்னும் ஒரு தொடருக்குத் தமிழ்க் குரல் உண்டு, நதிகளைப் பற்றியது, அதற்குப் பிறகு மறுபடி பார்க்கலாம் என்று இருந்தது. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அது போதுமாக இருந்தது. சத்தம் போட்டுக் கத்தினேன். மம்பாவ் முழுக்கக் கேட்டிருக்கும்.

தமிழ்க் குரல் அட்டையை எழுதும்போது கடைசியில் ஒரு வரி சேர்த்து, அனுமதிக்குச் சிங்கப்பூருக்கு அனுப்பினேன். எப்போதும் நூறு கேள்வி கேட்கிற கிரேஸ், இந்தத் தடவை சரி என்று மட்டும் பதில் போட்டார்.

போன ஞாயிறு முதல் பகுதியை ஆறாங்கட்டையில் போட்டார்கள். நான் வந்து பன்னிரண்டு வருடம் நிறைகிற நாளும் அதுதான். ஷர்மினி இந்த முறை ரோத்தி சானாய் கேட்கவில்லை. நதி ஓடி முடிந்தது. பெயர்கள் ஏறின. மல்லிகா படித்தாள், மண்டபம் பதில் சொன்னது. என் பெயர் வந்தது. இந்தத் தடவை கோவில்பட்டிக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அதற்குக் கீழே அந்த வரி ஏறி வந்தது. மல்லிகா வேகத்தில் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"உட்கார்ந்து கேட்டவர்கள்... ரந்தாவ்... ஆறாங்கட்டைத் தோட்டத்து... மாரியம்மன் கோயில்..."

அவள் குரல் பாதியில் நின்றது. நூறு பேரும் துணியைப் பார்த்தபடி இருந்தார்கள். முனியாண்டி அண்ணன் எழுந்து நின்றார். உலகத்தில் உள்ள பெயருக்கெல்லாம் பதில் சொன்னவர்களுக்குத் தங்கள் பெயருக்குச் சொல்ல வாய் வரவில்லை. வரி மேலே ஏறிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சத்தில் துணியைத் தாண்டிவிடும்.

எனக்குப் பக்கத்தில் ஷர்மினி நாற்காலி மேல் ஏறி நின்றாள்.

"சொல்லுங்கலா! பேரு போவுது! ஒங்களத்தான் கூப்புடுறாங்க!"

அப்போது சொன்னார்கள். தகரக் கூரை அதிர்ந்தது.

"வந்தாச்சு!"